காட்பாடி ரயிலும் ஒரு சக்கர நாற்காலியும்

போன வாரம் பதிவு எழுதவில்லை என்று நாலைந்து பேர் போன் செய்து விசாரித்துவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன், அதனால் தாமதம். இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் என்று என்னைக் கேலி செய்வீர்களே, அந்தப் பழக்கம் ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை.

கேள்வி கேட்டவர் என் பழைய மாணவர். பெயர் வேண்டாம். சி.டி.எச். சாலையில் நடந்த ஒரு விபத்தில் முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டு, ஒன்றரை வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் படுக்கையில் இருக்கிறார். பார்க்கப் போயிருந்தேன். ஜெபம் பண்ணினேன். கிளம்பும்போது கேட்டார்: "சார், வர்றவங்க எல்லாரும் ஜெபம் பண்றாங்க. சந்தோஷமா இருங்க, கர்த்தர் இருக்கார்னு சொல்றாங்க. எப்படி சார் சந்தோஷமா இருக்கிறது? அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

நான் சபைப் போதகர் இல்லை, டாக்டரும் இல்லை. முப்பது வருடம் வரலாறு நடத்தியவன். எனக்குத் தெரிந்தது, "இதற்கு முன்னால் இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா, அவர்கள் என்ன செய்தார்கள்?" என்று தேடுவது மட்டும்தான். தேடினால் பதில் நம் ரயில் பாதையிலேயே, இங்கிருந்து மேற்கே நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் கிடைத்தது.

நம்ம திருநின்றவூர் ஸ்டேஷனைப் பெரியவர்கள் இன்னும் திண்ணனூர் என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலேயர் காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தப் பாதையில்தான். பிறகு அது காட்பாடியைத் தாண்டி மேற்கே நீண்டது. அன்றிலிருந்து நம் பக்கத்து மக்களுக்கு "காட்பாடி போகணும்" என்றால் பாதி நேரம் அதற்குப் பொருள் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. அரக்கோணம் போய் வண்டி மாறி, துணிப்பையில் எக்ஸ்ரே படங்களோடு உட்கார்ந்திருப்பவர்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வங்காளத்திலிருந்து இரண்டு நாள் பயணம் செய்து வருகிறவர்களும் அந்த ஸ்டேஷனில்தான் இறங்குகிறார்கள்.

நம் ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. என் கிறிஸ்தவ உறவினர்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவரான பூசலார் நம் ஊர்க்காரர். கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. ஆகவே மனதுக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, கல் கல்லாக அடுக்கி, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. மன்னனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, இறைவன் பூசலாரின் கோயிலுக்கு முதலில் போனார் என்று பெரிய புராணம் சொல்கிறது. இதயாலீஸ்வரர் கோயிலைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவு வரும். ஒன்றுமே இல்லாத ஒருவருக்கு அன்பு மட்டும் மிச்சமிருந்தால் என்ன செய்ய முடியும் என்பதை நம் ஊர் ஆயிரம் வருடத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

இனி வேலூர். ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி உங்களுக்குப் பாடத்திலேயே சொல்லியிருக்கிறேன், அதனால் சுருக்கமாகப் போகிறேன். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண். மிஷனரியாக வரவே கூடாது என்று இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், பிரசவ வேதனையில் கிடந்த தங்கள் மனைவிமாருக்கு உதவ ஒரு பெண் டாக்டர் வேண்டும் என்று வந்து கதவைத் தட்டினார்கள். ஆண் டாக்டரை அழைக்க அவர்களுக்கு வழக்கம் இடம் கொடுக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பினார். 1902-ல் வேலூரில் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1947-லிருந்து அங்கே ஆண்களையும் மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கல்லூரியில் படித்தவர்தான் நான் சொல்ல வந்த டாக்டர் மேரி வர்கீஸ். 1925-ல் கொச்சிக்குப் பக்கத்தில் செராயி என்ற கடற்கரை ஊரில் பிறந்த மலையாளப் பெண். பரம்பரையாகக் கிறிஸ்தவக் குடும்பம். மகப்பேறு மருத்துவத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்று வேலூரிலேயே பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

1954-ல் ஒரு நாள் இளம் டாக்டர்கள் கூட்டமாக ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் போனார்கள். வண்டி கவிழ்ந்தது. மேரிக்கு முகத்தில் ஆழமான வெட்டு. அதன் தழும்பு கடைசிவரை போகவில்லை. முதுகுத் தண்டுவடமும் நசுங்கியது. நினைவு திரும்பியபோது கால்கள் இருந்தன, ஆனால் அவருக்கு அவை இல்லை. வயது இருபத்தெட்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். அந்தக் காலத்தில் தண்டுவடம் அடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை, பணக்கார நாடுகளிலும்கூட, இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் அல்லது மாதங்களில் இறந்துபோனார்கள். தண்டுவடக் காயம் நேரடியாக அவர்களைக் கொல்லவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் கொன்றன. நமக்கு ஒரே இடத்தில் அரைமணி உட்கார்ந்தால் மரத்துப்போகிறது, உடனே அசைந்து உட்காருகிறோம். உணர்வில்லாத உடம்புக்கு அந்தச் சேதி போகாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, அழுகிப் புண்ணாகிவிடும்.

1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் இதை மாற்றினார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு தடவை நோயாளியைத் திருப்பிப் படுக்க வை என்பதுதான் அவருடைய முக்கியமான வைத்தியம். பெரிய மருந்து எதுவுமில்லை. யாராவது ஒருவர் தூக்கத்தை விட்டு எழுந்து வந்து திருப்ப வேண்டும், அவ்வளவுதான். அதே குட்மன்தான் 1948-ல் தன் நோயாளிகளுக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார். அது வளர்ந்து இன்றைய பாராலிம்பிக்ஸ் ஆனது. நம் மாரியப்பன் ரியோவில் தங்கம் வாங்கியபோது டிவி முன்னால் கைதட்டினோமே, அதன் ஆரம்பம் அந்த ஆஸ்பத்திரித் தோட்டம்.

மேரிக்கு விபத்து நடந்த 1954-ல் இந்த அறிவு நம் நாட்டுக்குப் பெரிதாக வந்து சேரவில்லை. அவர் டாக்டர், தனக்கு என்ன நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதுதான் கொடுமை. நம்மைப் போன்றவர்களுக்காவது "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று யாராவது பொய் சொல்லலாம். அவரிடம் எப்படிச் சொல்வது? மாதக்கணக்கில் படுக்கை. அறுவைச் சிகிச்சைகள். அவரும் நொறுங்கிப்போய்த்தான் கிடந்தார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் சாட்சி சொல்லும்போது நாம் இந்த மாதங்களை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறோம். அடிபட்டார், ஜெபித்தார், எழுந்தார் என்று. படுக்கையில் இருப்பவர் அதைக் கேட்டால், "எனக்கு மட்டும்தான் விசுவாசம் குறைவு போல" என்று நினைத்துக்கொள்வார்.

இப்போது இன்னொருவரை அறிமுகப்படுத்த வேண்டும். டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயர். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா எவலின், இருவரும் அந்த மலையில் மிஷனரிகள். பிள்ளையைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தபோதே, 1929-ல், அப்பா மலையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். பால் முதலில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொண்டார். பிறகுதான் டாக்டருக்குப் படித்தார். 1946-ல் வேலூருக்கு வந்தார்.

வந்த புதிதில் செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். அங்கே விரல்கள் மடங்கிக் கொக்கிபோல் ஆகிவிட்ட ஒரு நோயாளியிடம், தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். அந்த மனிதர் அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. அந்த வலியில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. கை செத்துவிட்டது என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் உள்ளே பலமான தசைகள் மிச்சமிருக்கின்றனவே!

முழங்கை ஓரத்தில் இடித்துக்கொண்டால் "சுர்" என்று ஷாக் அடிக்குமே, அந்த நரம்பைத்தான் தொழுநோய்க் கிருமி விரும்பித் தாக்குகிறது. உடம்பின் மேற்பரப்பில், குளிர்ச்சியான இடத்தில் ஓடும் நரம்பு அது. அது கெட்டால் விரலை நிமிர்த்தும் சின்னத் தசைகள் போய்விடும். முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் வேறு நரம்பை நம்பியிருப்பதால் பிழைத்துக்கொள்ளும். பிராண்ட் என்ன செய்தார் என்றால், பிழைத்த தசை ஒன்றின் நாணை எடுத்து, வழிமாற்றி, விரல்களில் கொண்டுபோய் இணைத்தார். வீட்டில் ஒரு லைன் போய்விட்டால் எலக்ட்ரீஷியன் பக்கத்து லைனிலிருந்து இழுத்துக் கொடுப்பாரே, ஏறத்தாழ அப்படி. பிறகு வாரக்கணக்கில் பயிற்சி. பிச்சைப் பாத்திரம் பிடிக்க மட்டுமே உதவிய கை மறுபடி உளி பிடித்தது, பேனா பிடித்தது.

இன்னொன்றையும் அவர் குழு கண்டுபிடித்தது. தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் அடுப்பில் சுட்டுக்கொள்கிறார்கள், ஆணி குத்தியதோடு நடக்கிறார்கள், புண் பெரிதாகி விரல் போய்விடுகிறது. சிலருக்கு இரவோடு இரவாக விரல் காணாமல் போனதே எப்படி என்று காவல் இருந்து பார்த்தால், எலி! தூங்கும்போது கடித்துத் தின்றிருக்கிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்களாம். வகுப்பில் இதைச் சொன்னபோது சிரித்தீர்கள். பின்பெஞ்சில் ஒருத்தி மட்டும் அழுதாள். அவள் இப்போது நர்ஸ்.

இந்த பிராண்ட்தான் மேரியின் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து, "நீ மறுபடி அறுவைச் சிகிச்சை செய்யலாம்" என்றார். வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கு டாக்டர் நின்றாக வேண்டும். கை ஆபரேஷன் அப்படி இல்லை. நோயாளியின் கையை ஒரு சின்ன மேசையில் நீட்டி வைத்துவிட்டு, டாக்டர் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்?

கேட்க எளிதாக இருக்கிறது. இடுப்புக்குக் கீழே பிடிமானம் இல்லாத ஒருவர் நிமிர்ந்து உட்காருவதே பெரிய பாடு. குனிந்தால் விழுந்துவிடுவோம் என்ற பயம். கால்களில் இழுப்பு வரும். அதற்கு நடுவில் நூலிழை போன்ற நாண்களைத் தேடித் தைக்க வேண்டும். செய்தார். ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில் செய்தார். நாற்காலியில் வந்து, தழும்பு விழுந்த முகத்தோடு தங்களுக்கு முன்னால் உட்கார்ந்த அந்த டாக்டரைப் பார்த்த தொழுநோயாளிகளுக்கு எப்படி இருந்திருக்கும்! ஊரார் ஒதுக்கியவர்கள், முகம் காட்டக் கூசியவர்கள். நம்மைவிட உடம்பு முடியாதவர் நமக்காக வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று அவர்கள் ஆச்சரியப்பட்டதையும், அவர் நாற்காலி வார்டுக்குள் நுழைந்தாலே அங்கே முகங்கள் மாறியதையும் பிராண்ட் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார்.

எனக்கு இதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப மனதில் ஓடுகிறது. மேரிக்கும் அவர் நோயாளிகளுக்கும் இருந்த கஷ்டம் அடிப்படையில் ஒன்றேதான். அவர்களுக்குக் கையில் வலி தெரியாது, அதனால் புண். அவருக்கு இடுப்புக்குக் கீழே வலி தெரியாது, அதனால் புண் வரும் ஆபத்து. ஒவ்வொரு இரவும் உங்கள் கையைக் கண்ணால் பார்த்துச் சோதித்துவிட்டுத் தூங்குங்கள் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதே சோதனையை அவரும் தன் உடம்பில் தினமும் செய்ய வேண்டும். "பயப்படாதே" என்று கரையில் நின்று கத்துவதற்கும், தண்ணீரில் நின்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? இது என் யோசனை, எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அவர் அதோடு நின்றிருந்தால்கூடப் போதும். நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சிகிச்சைக்காகப் போனார். அங்கே ஜார்ஜ் பெட்புரூக் என்ற டாக்டர், தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென்றே ஒரு பிரிவு நடத்திக்கொண்டிருந்தார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, உடுத்துவது, குளிப்பது என்று தன் காரியத்தைத் தன் கைகளின் பலத்தாலேயே பார்த்துக்கொள்ள மேரி அங்கே கற்றுக்கொண்டார். வேலூரில் பிறர் தூக்கி வைத்த டாக்டர், தானே மாறி உட்காரும் ஆளாகத் திரும்பினார். அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்: எனக்குக் கிடைத்த இது, நம் ஊரில் பனைமரத்திலிருந்து விழுந்தவனுக்கு, கிணற்றில் விழுந்தவனுக்கு யார் கொடுப்பார்கள்?

உடனே நியூயார்க். போரில் ஊனமுற்ற சிப்பாய்களுக்காகத் தொடங்கி, மறுவாழ்வு மருத்துவம் என்பதை ஒரு தனித் துறையாகவே வளர்த்த டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் சேர்ந்து முறையாகப் படித்தார். சக்கர நாற்காலியில் ஒரு இந்தியப் பெண், 1960-களின் தொடக்கத்தில், தனியாக அமெரிக்காவில்! 1963-ல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு மருத்துவத் துறைக்கு அவரே தலைவர். இந்தியாவில் இந்தத் துறை தொடங்கிய முதல் சில இடங்களில் அதுவும் ஒன்று. 1966-ல் வேலூருக்குப் பக்கத்தில் பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறுவதற்கென்றே தனி மறுவாழ்வு நிலையம் திறந்தார்கள். 1972-ல் அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. டொரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1963-லேயே அவர் வாழ்க்கையை 'டேக் மை ஹேண்ட்ஸ்' என்ற பெயரில் புத்தகமாக எழுதிவிட்டார். "என் கைகளை எடுத்துக்கொள்ளும்" என்று பொருள். பெரிய வேலை அதற்கப்புறம்தான் நடந்தது என்பது என் அபிப்பிராயம்.

பாகாயத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உறவினர்களுக்குத் தெரியும். எங்கள் அத்தான் தென்னை மரத்திலிருந்து விழுந்த வருடம், அக்காவுக்குத் துணையாக அங்கே போய் இருந்தேன். அதற்குமுன் வேறொரு இடத்தில், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்குங்க" என்று கைவிரித்திருந்தார்கள். பாகாயத்தில் முதல் நாளே அக்காவிடம், "அம்மா, நீங்களும் கத்துக்கணும்" என்றார்கள். எப்படித் திருப்புவது, எங்கே தலையணை வைப்பது, தோலில் எந்தச் சிவப்பு ஆபத்து, சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தம் செய்வது. எட்டாம் வகுப்புப் படித்த என் அக்கா, இரண்டு வாரத்தில் நர்ஸ்களிடமே விளக்கம் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

சாயங்காலம் நாற்காலிகள் எல்லாம் ஒரு பக்கம் கூடும். ஆந்திராக்காரர், வங்காளி, நம்ம ஆட்கள். யாருக்கு யார் மொழி தெரியும்? ஆனாலும் ஒரே சிரிப்பு. ஒருவர் பந்தை எறிவார், பிடிக்கப் போனவர் நாற்காலியோடு சுவரில் இடிப்பார், மொத்தக் கூட்டமும் கத்தும். அத்தான் அங்கே போன மூன்றாவது வாரத்தில் ஒருநாள் சத்தமாகச் சிரித்தார். விழுந்ததற்கப்புறம் அதுதான் முதல் தடவை. அக்கா சமையல் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அத்தானுக்கு நடை வரவில்லை. ஊர் திரும்பியவர் வீட்டுத் திண்ணையிலேயே சின்னதாகக் கடை வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி பதினெட்டு வருடம் வியாபாரம் பார்த்தார். பாகாயத்தில் பழைய நோயாளிகளை வரவழைத்து 'ரீஹேப் மேளா' என்று நடத்துகிறார்கள். முடிகிற வரையில் அத்தானும் போய்வந்தார்.

"சந்தோஷம் எப்படி சார்?" என்ற கேள்விக்கு வருகிறேன். வேதத்தில் சந்தோஷத்தைப் பற்றி அதிகம் பேசுகிற நிருபம் எது என்று கேட்டால், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட பிலிப்பியர் என்று சொல்வார்கள். நாலே அதிகாரம். பவுல் அதைக் காவலில் கட்டுண்டிருந்தபோது எழுதினார். ஆனால் ஒரு வரலாற்று ஆசிரியனாக அதில் நான் கவனிப்பது வேறு ஒன்று. அந்தக் காலத்து ரோமச் சிறையில் கைதிக்கு வேண்டியதை அவனுடைய சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும்தான் கொண்டுவந்து தர வேண்டும். இல்லையென்றால் பட்டினி. பிலிப்பி ஊர்ச் சபை எப்பாப்பிரோதீத்து என்பவரிடம் உதவி கொடுத்தனுப்பியது. வந்தவர் சாகும் அளவுக்கு வியாதிப்பட்டார். பவுல் தன் சங்கிலியைப் பற்றிப் புலம்பவில்லை. இவர் பிழைத்ததைப் பற்றியும், இவருடைய வியாதிச் செய்தி கேட்டு ஊரில் கவலைப்படுகிறவர்களைப் பற்றியும் எழுதுகிறார். சிறையில் கிடப்பவர் வெளியில் இருப்பவர்களுக்காகக் கவலைப்படுகிறார். வெளியில் இருப்பவர்கள் அவருக்காக உயிரைக் கொடுக்க வருகிறார்கள். அந்தப் போக்குவரத்துக்கு நடுவில்தான் சந்தோஷம் என்ற வார்த்தை அத்தனை தடவை வருகிறது.

மேரி வர்கீஸின் வாழ்க்கையிலும் அதே போக்குவரத்தைத்தான் பார்க்கிறேன். முதலில் அவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை யாரோ திருப்பிப் படுக்கவைத்தார்கள். பிராண்ட் வந்து ஒரு வேலை கொடுத்தார். "உனக்கு இனி ஓய்வுதான்" என்று பரிதாபப்பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிறகு மடங்கிய விரல்களோடு ஒருவர் வந்து அவர் முன்னால் கையை நீட்டினார். மேரியின் கையும் அவருக்குத் தேவைப்பட்டது. கால் போன துக்கம் அதனால் மறைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். துக்கம் தன் பாட்டுக்கு இருந்திருக்கும். அதோடுகூட இன்னொன்றும் வந்து சேர்ந்தது. விசுவாசத்தை அவர் தினமும் காலையில் ஜெபத்தில் புதுப்பித்துக்கொண்டார், பகலில் ஆபரேஷன் மேசையில் செலவழித்தார்.

அதனால் தம்பி (நீ இதைப் படிப்பாய் என்று தெரியும்), உன்னை "சந்தோஷமாக இரு" என்று நானும் சொல்லிவிட்டு வந்ததை வாபஸ் வாங்கவில்லை. அதோடு இரண்டு காரியம் சேர்த்துக்கொள்கிறேன். ஒன்று, பாகாயத்துக்கு உன்னைக் கூட்டிப்போக இரண்டு பழைய மாணவர்களிடம் பேசிவிட்டேன், கார் தயார். அந்த நிலையம் இன்று டாக்டர் மேரி வர்கீஸ் பெயரிலேயே இருக்கிறது. இரண்டு, உனக்குக் கணக்கு நன்றாக வரும். என் தெருவில் பத்தாம் வகுப்பில் கணக்குக்குப் பயந்து நடுங்கும் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். சம்பளம் எல்லாம் நீயே அவர்கள் அப்பாவிடம் பேசிக்கொள்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. துன்பம் வந்தால்தான் ஆண்டவர் அருகில் வருவார், ஆகவே துன்பம் நல்லது என்று பேசுகிறவர்களை எனக்கு ஒத்துக்கொள்ள முடிவதில்லை. துன்பம் அவ்வளவு நல்லதென்றால் மேரி எதற்கு நியூயார்க் போய்ப் படித்து, அதைக் குறைக்க ஒரு நிலையமே அமைத்தார்? தன்னலமில்லாத அன்பு என்றால் கண்ணீர் மட்டும் இல்லை. சாய்தளம் போடுவதும், கழிப்பறைக் கதவை அகலமாக்குவதும்கூடத்தான். மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1995-ல் வந்தது. 2016-ல் வந்த புதுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை இருபத்தொன்றாக விரித்தது. நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு மண்டபம் பிடிக்கும்போது, ஏசி இருக்கிறதா என்று கேட்கிறோம். நாற்காலி உள்ளே போகுமா என்று கேட்டிருக்கிறோமா? அத்தான் எத்தனை கல்யாணத்துக்கு வாசலோடு திரும்பினார் என்று அக்காவைக் கேளுங்கள்.

டாக்டர் மேரி 1986 டிசம்பர் 17 அன்று காலமானார். வயது அறுபத்தொன்று. விபத்துக்குப் பிறகு வாழ்ந்தது முப்பத்திரண்டு வருடத்துக்கும் மேல். விபத்துக்கு முன் வாழ்ந்ததைவிட அதிகம். இன்றும் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை இயங்குகிறது.

கொல்லிமலை எவலின் அம்மாவைப் பற்றியும் எழுத ஆரம்பித்தேன். ஜெஸ்ஸி பிராண்டின் மனைவி, பாலின் அம்மா. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் ஊருக்குப் போகாமல், எழுபது வயதுக்கு மேல் மலைக்கே திரும்பி, இரண்டு கோல் ஊன்றி நடந்து, மட்டக்குதிரையில் மலை மலையாகப் போய் வைத்தியம் பார்த்துத் தொண்ணூற்றைந்து வயதில் இறந்த பாட்டி. அதற்கு இந்தப் பதிவில் இடம் போதாது, அடுத்த வாரம் எழுதுகிறேன். கொல்லிமலை, கல்வராயன் மலை, பச்சைமலைப் பக்கம் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் யாராவது இருந்தால், வாழவந்தியில் ஜெஸ்ஸி, எவலின் இருவரின் கல்லறையும் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பதிவோடு போட வேண்டும்.